பல மாதமாகப் போகாத தேமலுக்கு பயாப்ஸியா? லேபிலிருந்து சில வார்த்தைகள்

மும்பை சயானில், பயாப்ஸிக்காக (நோய் எதுவென்று பார்க்க) வெட்டி எடுத்த தோல் துணுக்குகளைப் பார்க்கும் லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். தாராவி, கோலிவாடா பக்கத்து நம் தமிழ்க் குடும்பங்களிலிருந்து நிறைய வரும். பாட்டிலில் ஃபார்மலின், அதற்குள் மிளகளவு தோல், கூடவே ஒரு படிவம். அதில் 'தேமலா?' என்று மட்டும் எழுதியிருக்கும். எத்தனை நாளாக, என்ன களிம்பு போட்டார்கள் என்ற இடமெல்லாம் காலி.

மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் என்ற தோல் லிம்போமா (டி செல் என்ற வெள்ளணுக்களில் வரும் புற்றுநோய்), இப்படித்தான் வருஷக்கணக்கில் பிடிபடாமல் போகிறது. இது தொற்று அல்ல, யாருக்கும் ஒட்டாது. வெயில் படாத இடுப்பு, பிட்டம், தொடை, மார்பில் படையாக வரும். நம் நிறத் தோலில், அதுவும் சின்ன வயசுக்காரர்களுக்கு, வெளுத்த திட்டாகவும் வரும். அதனால் தேமல், வெண்புள்ளி, தொழுநோய் என்று எதையாவது நினைத்து வைத்தியம் நடக்கும்.

பயாப்ஸிக்கு நாள் குறித்ததும் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, களிம்பை எப்போது நிறுத்துவது என்று. ஸ்டீராய்டு களிம்பென்றால் பொதுவாக 2 முதல் 4 வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அந்தக் களிம்பு தோலுக்குள் இருக்கும் டி செல்களைக் குறைத்துவிடும். ஸ்லைடில் பார்த்தால் சாதாரண எக்சிமா மாதிரி தெரியும். மெடிக்கலில் கேட்டு வாங்கிய 'படை மருந்து' ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்றிருந்தால் அதுதான் ஸ்டீராய்டு. காலி ட்யூபையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். சாப்பிடும் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஒரே இடத்தில் எடுக்காமல் இரண்டு இடத்தில் எடுக்க முடியுமா என்று கேட்கத் தயங்காதீர்கள். படிவத்தை உங்கள் கண்ணெதிரே நிரப்பச் சொல்லுங்கள்.

இங்கே வந்ததும் துணுக்கை மெழுகில் பதித்து, சுமார் 4 மைக்ரான் கனத்தில் சீவி, சாயம் ஏற்றுவோம். லிம்போசைட்டுகள் (டி செல்லும் சேர்ந்த வெள்ளணு வகை) மேல்தோலுக்குள் ஏறி வரிசை கட்டி நிற்கின்றனவா என்று, ஸ்லைடைப் படிக்கும் டாக்டரான பேத்தாலஜிஸ்ட் பார்ப்பார். சந்தேகமிருந்தால் செல்லின் அடையாளப் புரதங்களைக் காட்டும் சிடி3, சிடி4, சிடி7, சிடி8 சோதனைகள், தேவைப்பட்டால் டி செல்கள் ஒரே செல்லிலிருந்து பெருகியவையா என்று பார்க்கும் ஜீன் சோதனை. 'உறுதியாகச் சொல்ல முடியவில்லை' என்று ரிப்போர்ட் வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. படை போகாவிட்டால் திரும்ப எடுக்கத்தான் வேண்டும்.

ரிப்போர்ட்டோடு ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். பரேல் டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனால் அதைத்தான் கேட்பார்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பிளாக்கை வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும்.

லிம்போமா என்று வந்துவிட்டாலும் இடிந்து போகாதீர்கள். கொஞ்ச இடத்தில் படை மட்டும் இருக்கும் கட்டத்தில் பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே ஆயுசோடு இருக்கிறார்கள். களிம்பும் நேரோபேண்ட் யுவிபி என்ற புற ஊதா ஒளி சிகிச்சையுமே பலருக்குப் போதும். ஆனால் படை கட்டியானாலோ, புண்ணாகி உடைந்தாலோ, உடம்பெல்லாம் சிவந்து அரித்தாலோ, அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டினாலோ அடுத்த அப்பாயின்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். புண்ணோடு காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்: அந்தப் புண் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலப்பதுதான் இந்த நோயாளிகளுக்குப் பெரிய ஆபத்து.