கூகுளில் உங்கள் கடை தெரிய இன்ஸ்டாவிலும் யூடியூபிலும் செய்ய வேண்டியவை

லைக் ஏறினால் கூகுளில் கடை மேலே வந்துவிடும் என்று நம்பிப் பலர் விளம்பரத்தில் காசைக் கொட்டுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. ஃபாலோயர், லைக் எண்ணிக்கையைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுப்பதில்லை என்று அப்போது கூகுளின் தேடல் பிரிவில் இருந்த மேட் கட்ஸ் 2014 ஜனவரியிலேயே சொல்லிவிட்டார். சமூக ஊடகத்தில் நீங்கள் போடும் லிங்க்குகளிலும் பெரும்பாலும் 'நோஃபாலோ' குறி இருக்கும். 'இதைப் பரிந்துரையாக எடுத்துக்கொள்ளாதே' என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி அது.

சமூக ஊடகக் கணக்கால் கிடைக்கும் பலன் வேறு. உங்கள் வீடியோவும் பதிவும் கூகுள் முடிவுகளில் தாமே ஒரு பக்கமாக வந்து நிற்கும். அங்கே உங்களைப் பார்த்தவர் பிறகு கடைப் பெயரையே அடித்துத் தேடுவார். இரண்டுக்குமே அடிப்படை, நீங்கள் எழுதும் சொற்கள்தான். காங்கேயத்தில் மரச்செக்கு எண்ணெய் விற்கும் ஒரு சிறு கடையை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

முதலில் சொற்களைச் சேருங்கள்

பிரவுசரில் இன்காக்னிட்டோ விண்டோ (உங்கள் பழைய தேடல்கள் கலக்காத தனி விண்டோ) திறந்து, கூகுள் பெட்டியில் 'மரச்செக்கு' என்று மட்டும் அடித்து நிறுத்துங்கள். கீழே விழும் பரிந்துரைகளை ஒரு தாளில் எழுதுங்கள். யூடியூப் தேடல் பெட்டியிலும் அதையே செய்யுங்கள். பிறகு ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தும், 'கோல்ட் பிரஸ்டு ஆயில்' என்று ஆங்கிலத்திலேயே அடித்தும் பாருங்கள். நம் ஊரில் மூன்று விதமாகவும் தேடுகிறார்கள். பதினைந்து, இருபது தொடர்கள் சேர்ந்தால் போதும்.

அவற்றை இரண்டாகப் பிரியுங்கள். 'விலை', 'எங்கே கிடைக்கும்', ஊர்ப் பெயர் வருபவை வாங்க வருபவரின் சொற்கள். அவை கணக்கின் பெயருக்கும் உங்கள் இணையதளத்துக்கும் போக வேண்டும். 'நல்லெண்ணெய் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பது ஏன்', 'அடியில் கசடு தங்குவது ஏன்' போன்றவை சந்தேகக் கேள்விகள். ஒரு கேள்விக்கு ஒரு வீடியோ. ஐந்து கேள்விகளை ஒரே வீடியோவில் திணித்தால் எதற்கும் அது சரியான பதிலாக நிற்காது.

இன்ஸ்டாகிராம்

2025 ஜூலையிலிருந்து புரொஃபஷனல் (தொழிலுக்கான) கணக்குகளின் பொதுப் பதிவுகளைக் கூகுள் தன் முடிவுகளில் காட்டலாம். அதற்குக் கணக்கு பப்ளிக்காக இருக்க வேண்டும்; உரிமையாளருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அமைப்புகளில் 'அக்கவுண்ட் பிரைவசி' பகுதிக்குப் போய், படங்களும் வீடியோக்களும் தேடுபொறி முடிவுகளில் வரலாம் என்ற பொத்தான் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பர்சனல் கணக்கில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் இந்தப் பலன் கிடைக்காது. ஸ்டோரியும் இதற்கு உதவாது. ஒரு நாளில் மறைந்துவிடும்.

பயனர் பெயர் வேறு, அதன் கீழே தடித்த எழுத்தில் வரும் பெயர் வேறு. இரண்டாவதில்தான் தொழிலையும் ஊரையும் வைக்க வேண்டும்: 'காங்கேயம் மரச்செக்கு எண்ணெய்', அடுத்து கடைப் பெயர். இதை 14 நாட்களில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். அதனால் தாளில் எழுதிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். பயனர் பெயரை மட்டும் அடிக்கடி மாற்றவே கூடாது. அதை மாற்றினால் கணக்கின் முகவரியே மாறிவிடும். பிறர் தங்கள் பக்கங்களில் கொடுத்திருந்த பழைய லிங்க்குகள் எல்லாம் வெறும் பக்கத்தில் போய் முட்டும்.

பயோவுக்கு 150 எழுத்துதான் இடம். தமிழில் அது நினைப்பதைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும். 'நல்லெண்ணெய்' நமக்கு ஆறு எழுத்து. கணினிக்குப் புள்ளியும் கொம்பும் தனித்தனி எழுத்து என்பதால் அது பதினொன்று. மேலே சொன்ன 'காங்கேயம் மரச்செக்கு எண்ணெய்' இடைவெளியோடு சேர்த்து 28 ஆகிறது. எனவே 'தரமே எங்கள் தாரக மந்திரம்' போன்றவற்றுக்கு இடம் கொடுக்காமல், என்ன விற்கிறீர்கள், எந்த ஊர், கூரியர் உண்டா என்பதை எழுதுங்கள்.

கேப்ஷனின் முதல் வரியில் அந்தக் கேள்வியே வரட்டும், இரண்டாம் வரியில் பதில். ஹேஷ்டேக் மூன்று அல்லது நான்கு போதும். 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' உள்ளே ஆல்ட் டெக்ஸ்ட் என்றொரு இடம் இருக்கிறது. படத்தில் என்ன தெரிகிறதோ அதை அங்கே ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்: 'வாகை மரச்செக்கில் எள் ஆட்டப்படுகிறது.' பார்வையற்றவர்களுக்கும் இது உதவும்.

நம் கடைகளில் மிக அதிகமாக நடக்கும் தவறு, எல்லாவற்றையும் போஸ்டரில் எழுதிவிட்டுக் கேப்ஷனில் இரண்டு ஸ்மைலி மட்டும் போடுவது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி படிக்கும் என்று நம்பி இருக்க முடியாது. டிசைனர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் கொடுத்ததை அப்படியே ஒட்டினால் அது ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் விழும். எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 'சர்க்கரை நோய் தீரும்', 'மாரடைப்பு வராது' என்று எழுதாதீர்கள். உடல்நலம் பற்றிய பக்கங்களைக் கூகுள் கூடுதல் கண்டிப்போடு எடைபோடுகிறது. அதைவிட முக்கியம், அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிடலாம்.

யூடியூப்

உழைப்புக்கு அதிகப் பலன் தருவது இதுதான். தலைப்புக்கு 100 எழுத்து வரை இடம் உண்டு, ஆனால் முடிவுகளில் முழுதாகத் தெரியாது. அதனால் தேடப்படும் தொடர் முன்னால் வர வேண்டும். கடைப் பெயர் கடைசியில் போதும். விளக்கப் பகுதியின் முதல் இரண்டு வரியில் பதிலின் சாரத்தை எழுதி, மூன்றாவதில் உங்கள் தளத்தின் லிங்க்கைக் கொடுங்கள். டேக் பெட்டியில் நேரம் செலவிட வேண்டாம், அதனால் பெரிய பயன் இல்லை. ஹேஷ்டேக் 60ஐத் தாண்டினால் யூடியூப் எல்லாவற்றையும் புறக்கணித்துவிடும்.

பிறகு அத்தியாயங்கள். விளக்கத்தில் இப்படி எழுதினால் போதும்:

0:00 கசடு எதனால் வருகிறது
1:10 வெயிலில் தெளிய வைப்பது
3:25 கெட்டுப்போன எண்ணெயின் வாசனை

முதல் வரி 0:00 ஆக இருக்க வேண்டும். குறைந்தது மூன்று நேரக்குறிகள் வரிசையாக வர வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 நொடிக்குக் குறையக் கூடாது. 0:05 என்று தொடங்கினால் ஒன்றுமே உருவாகாது. சரியாக அமைந்தால், கூகுள் முடிவில் வீடியோவின் கீழே இந்தத் தலைப்புகள் தனித்தனியாகத் தெரிய வாய்ப்பு உண்டு. தேடியவர் 3:25க்கு நேராகப் போய்விடுவார்.

ஷார்ட்ஸ் புதியவர்களைக் கொண்டுவரும். ஆனால் அதன் விளக்கத்திலும் கமென்ட்டிலும் இருக்கும் லிங்க்கை 2023 ஆகஸ்ட் 31 முதல் அழுத்த முடியாது. ஷார்ட்ஸை 'ரிலேட்டட் வீடியோ' வழியாக உங்கள் நீள வீடியோவோடு இணைத்து, லிங்க்கை அங்கே வையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கட்டுங்கள்

கடைப் பெயர், முகவரி, போன் எண் மூன்றும் இன்ஸ்டா, ஃபேஸ்புக், யூடியூப், கூகுள் பிசினஸ் புரொஃபைல் (கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடையைக் காட்டும் பக்கம்), சொந்தத் தளம் எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஓரிடத்தில் 'ஆயில் மில்', வேறிடத்தில் 'எண்ணெய் ஆலை' என்றால் இரண்டும் ஒரே கடை என்று தெரிவது சிரமம். பிசினஸ் புரொஃபைலில் சமூக ஊடக லிங்க் சேர்க்கும் இடம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒன்றைச் சேருங்கள். தளம் செய்து கொடுத்தவரிடம், முகப்புப் பக்கத்தின் ஸ்கீமா குறியீட்டில் (கடை விவரத்தைத் தேடுபொறிக்குச் சொல்லும் குறியீடு) 'சேம் ஆஸ்' பகுதியில் அதே முகவரிகளைப் போடச் சொல்லுங்கள்.

பயோ லிங்க்கை நேராக உங்கள் தளத்துக்குக் கொடுங்கள். பல லிங்க்குகளை அடுக்கிக் காட்டும் இலவசச் சேவைப் பக்கம் வேண்டாம். அங்கே கிடைக்கும் மதிப்பு அவர்களுக்குப் போகும். அதே அடுக்கை உங்கள் தளத்திலேயே ஒரு பக்கமாகச் செய்யலாம். வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பும்போது படம் வராவிட்டால், லிங்க்கோடு காட்டுவதற்கான 'ஓப்பன் கிராஃப்' படம் தளத்தில் வைக்காமல் இருக்கலாம். 1200×630 பிக்சலில் ஒன்று வையுங்கள்.

பலனைப் பார்ப்பது

ஒரு வாரத்தில் எதுவும் தெரியாது. மூன்று மாதம் விடுங்கள். கூகுள் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் இன்ஸ்டா முகவரியை ஒட்டினால் எந்தப் பதிவுகள் ஏறியுள்ளன என்று ஓரளவு தெரியும். உங்கள் தளம் கூகுளில் எந்தத் தேடல்களுக்கு வருகிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்து, கடைப் பெயர் அடங்கிய தேடல்களை மட்டும் வடிகட்டி, இந்த மூன்று மாதத்தை முந்தைய மூன்று மாதத்தோடு ஒப்பிடுங்கள். அது ஏறியிருந்தால் சமூக ஊடக வேலை பலித்திருக்கிறது என்று கொள்ளலாம். பழைய விவரம் 16 மாதம் வரைதான் அங்கே இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தொடருக்கு இம்ப்ரெஷன் (முடிவுகளில் தெரிந்த எண்ணிக்கை) நிறைய, கிளிக் மட்டும் இல்லை என்றால், தலைப்பு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுபோல் தெரியவில்லை. தலைப்பை மட்டும் மாற்றி நான்கு வாரம் காத்திருங்கள். ஒரே நேரத்தில் தலைப்பு, படம், விளக்கம் மூன்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது.