பூர்வகுடிப் பெண்களுக்கான தற்காப்பு, ஆற்றுப்படுத்தல் முகாம்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் வன்முறைக்கு ஆளாகும் பூர்வகுடிப் பெண்களுக்காக, தற்காப்புப் பயிற்சியையும் மனக்காயம் ஆற்றும் மரபுச் சடங்குகளையும் இணைத்து, ஓரிரு நாள்கள் தங்கிப் பயிலும் முகாம்கள் நடத்தப்படுகின்றன. அமெரிக்க நீதித்துறையின் ஆய்வுப் பிரிவு 2016ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, அந்நாட்டுப் பூர்வகுடிப் பெண்களில் 84.3 விழுக்காட்டினர் தம் வாழ்நாளில் ஏதேனும் ஒரு வகை வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் 56.1 விழுக்காட்டினர். ஆகவே, என்றோ வரக்கூடிய ஆபத்துக்கு முன்கூட்டியே ஆயத்தமாகும் மாணவிகள் என்று முகாமுக்கு வருபவர்களைக் கருத முடியாது. அவர்களுள் பலர் அந்த ஆபத்தைக் கடந்து வந்தவர்கள். சிலர் முகாம் முடிந்ததும் அதே ஆபத்துக்குள் திரும்பப் போகிறவர்கள். நடத்துவோர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றை மறப்பதால் நேர்பவையே.

முதல் தவறு பாடத்திட்டத்திலேயே தொடங்குகிறது. இருட்டில் பின்னாலிருந்து பாயும் முகந்தெரியாதவனை எதிர்கொள்வது எப்படி என்பதிலேயே பல பயிற்சியாளர்கள் நேரத்தைச் செலவிடுகிறார்கள். நெடுஞ்சாலைகளில் காணாமற்போன பெண்களின் கதைகள், குறிப்பாகப் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ‘கண்ணீர் நெடுஞ்சாலை’ என்று பெயர் பெற்றுவிட்ட 16ஆம் எண் சாலையின் கதைகள், இந்த அச்சத்துக்கு நியாயமான காரணம் தருகின்றன என்பது உண்மைதான். ஆனால் மேற்சொன்ன அதே ஆய்வில், கணவனாலோ காதலனாலோ உடல்ரீதியாகத் தாக்கப்பட்டவர்கள் 55.5 விழுக்காட்டினர். உடன் வாழ்பவனின் விரலை முறிக்கக் கற்றுக்கொடுப்பது எளிது. முறித்த பிறகு அன்றிரவு அவள் எங்கே உறங்குவாள் என்பதற்கும் பயிற்சியில் இடமிருக்க வேண்டும். கனடாவில் முதலாமாண்டுப் பல்கலைக்கழக மாணவிகளுக்காக வகுக்கப்பட்ட 12 மணி நேரப் பயிற்சி ஒன்றை ஆராய்ந்து 2015இல் வெளிவந்த ஆய்வில், பயிற்சி பெற்றவர்களிடையே ஓராண்டுக்குள் வல்லுறவு 5.2 விழுக்காடாகவும், துண்டறிக்கை மட்டும் பெற்றவர்களிடையே 9.8 விழுக்காடாகவும் இருந்தது. அப்பயிற்சியில் அடிதடிக்குக் கொடுக்கப்பட்ட நேரம் ஒரு பகுதிதான். அறிமுகமானவனின் நடத்தையில் ஆபத்தைக் கண்டுகொள்வதும், அவனை எதிர்க்கத் தடையாக நிற்கும் தயக்கத்தை உடைப்பதும் எஞ்சிய நேரத்தை எடுத்துக்கொண்டன. அதற்காக மாணவிகளுக்கு எழுதிய பாடத்தை அப்படியே ஒரு ரிசர்வேஷனுக்கு, அதாவது பூர்வகுடிகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலப்பகுதிக்கு, கொண்டுபோய் இறக்குவதும் சரியாகாது. அங்குள்ள தாய்மார்களையும் பாட்டிமார்களையும் முதலில் கேட்டு, அவர்கள் சொல்லும் சூழல்களிலிருந்து பாடத்தை எழுத வேண்டும்.

பயிற்சிக் கூடத்துக்குள் நேரும் தவறுகளில் மிகக் கொடியது கழுத்தைப் பிடித்துக் காட்டுவது. தற்காப்புக் கலை பயின்றவர்களுக்குக் கழுத்துப் பிடியிலிருந்து விடுபடுவது அடிப்படைப் பாடம் என்பதால், முன்னறிவிப்பின்றி அருகில் நிற்கும் பெண்ணை அழைத்து அவள் தொண்டையில் கை வைத்துவிடுகிறார்கள். வீட்டில் கழுத்து நெரிக்கப்பட்ட பெண் அந்தத் தொடுகையில் மூச்சுத் திணறி உறைந்து நிற்பாள். சுற்றியிருப்பவர்கள் அதை வெட்கம் என்று எண்ணிக் கைதட்டி ஊக்கப்படுத்துவார்கள். எந்தத் தொடுகைக்கும் முன் கேட்பது, பிடிகளை உதவிப் பயிற்சியாளர் மீதே செய்துகாட்டுவது, எவரும் காரணம் சொல்லாமல் விலகி அமர்வதற்குக் கதவருகே நாற்காலிகள் போட்டுவைப்பது ஆகியவை செலவில்லாத ஏற்பாடுகள். “முன்பு ஒருமுறை அவர் என் கழுத்தைப் பிடித்தார்” என்று ஒருத்தி தாழ்ந்த குரலில் சொன்னால், அதைப் பிடியை விடுவிக்கும் நுணுக்கம் பற்றிய கேள்வியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. துணைவனால் கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பிற்காலத்தில் அவனாலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. வெளியே தழும்பில்லாமலே உள்ளே இரத்தக் குழாய் சேதமடைந்திருக்கவும் கூடும். அந்தப் பேச்சு அங்கேயே மருத்துவப் பரிசோதனைக்கும் பாதுகாப்புத் திட்டத்துக்கும் நகர வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று, தாக்கப்படும்போது உடல் தானாகவே உறைந்துபோவதைப் பற்றி வாய் திறக்காமல் விடுவது. உறைதல் உடலின் இயல்பான எதிர்வினை என்று முதல் நாளே விளக்காவிட்டால், ‘இதைக் கற்றிருந்தால் அன்றைக்குத் தப்பியிருப்பேனே’ என்ற குற்றவுணர்வை ஒவ்வொரு பாடமும் கூட்டிக்கொண்டே போகும்.

சடங்குகள் விஷயத்தில் நிகழும் தவறுகள் வேறு வகை. அமெரிக்க அரசு அங்கீகரித்த பழங்குடி அரசுகள் மட்டுமே 570க்கும் மேல். கனடாவில் 630க்கும் மேற்பட்ட முதற்குடிச் சமூகங்களும், அவற்றுக்கு வெளியே வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்களும், பூர்வகுடி, ஐரோப்பியக் கலப்பு வழிவந்த மெட்டி மக்களும் இருக்கிறார்கள். மூடிய குடிலுக்குள் சூடான கற்களில் நீரூற்றி எழும் ஆவியில் அமர்ந்து வேண்டும் லக்கோட்டா மக்களின் இனிப்பி என்னும் வியர்வைக் குடில் சடங்கை, ஒலியெழுப்பும் உலோகக் கூம்புகள் தைத்த உடையில் ஓஜிப்வே மக்கள் ஆடும் ஜிங்கிள் உடை நடனத்தோடு கலந்து ‘பூர்வகுடி ஆற்றுப்படுத்தல்’ என்று ஒரே பொட்டலமாகக் கொடுப்பது, அவ்விரு மக்களையும் அவமதிப்பதாகும். தம் சடங்குகளை வெளியார் விற்பதைக் கண்டித்து லக்கோட்டா மக்கள் 1993இல் ‘போர்ப் பிரகடனம்’ என்றே பெயரிட்டு அறிக்கை வெளியிட்டார்கள். அந்தக் கோபத்தில் பொருளிருந்தது என்பதை 2009இல் அரிசோனாவின் செடோனா அருகே நடந்த ஒரு முகாம் காட்டியது: பூர்வகுடியினர் அல்லாத ஒருவர் பெருங்கட்டணம் வாங்கி நடத்திய வியர்வைக் குடிலில் மூவர் இறந்தனர், 2011இல் அவர் கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்திய குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. சடங்கை அந்தந்த மக்களின் மூத்தோரே நடத்த வேண்டும். அவர்களுக்கு மரபுப்படி புகையிலை அளித்து வேண்டிக்கொள்வதோடு, பயணச் செலவையும் மதிப்பூதியத்தையும் முதலிலேயே ஒதுக்கிவைக்க வேண்டும். பயிற்சியாளருக்குச் சம்பளம், பாட்டிக்கு நன்றி மட்டும் என்ற கணக்கு எப்படி வருகிறதோ தெரியவில்லை. மாதவிடாய்க் காலத்தில் பெண்கள் குடிலுக்குள் நுழையாத வழக்கம் பல சமூகங்களில் உண்டு. அதை முன்னதாகவே தனிப்பட்ட முறையில் தெரிவித்துவிட்டால் வாசலில் எவரும் கூசி நிற்க நேராது. தலைமுறைகளாகக் கிறித்தவராக வாழும் பூர்வகுடிப் பெண்களும் பலர் உள்ளனர் என்பதால், எந்தச் சடங்கையும் கட்டாயமாக்கக் கூடாது.

சட்டம் தெரியாமல் அறிவுரை சொல்வதும் ஆபத்தானது. மனிதர் மீது பயன்படுத்துவதற்கான மிளகுத் தெளிப்பான் கனடாவில் தடைசெய்யப்பட்ட ஆயுதம். அதை அன்பளிப்புப் பையில் போட்டுக் கொடுக்கும் முகாம், பெண்ணைக் குற்றவாளியாக்கி அனுப்புகிறது. “காவல்துறையிடம் சொல்லுங்கள்” என்பதும் எல்லா இடத்திலும் பொருந்தாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978ஆம் ஆண்டு ஒலிஃபன்ட் வழக்கில் அளித்த தீர்ப்பால், பூர்வகுடியினர் அல்லாதவர்களைக் குற்றவியல் வழக்கில் விசாரிக்கும் அதிகாரம் அமெரிக்கப் பழங்குடி நீதிமன்றங்களுக்கு இல்லாமற்போயிற்று. 2013இல் குடும்ப வன்முறைக்கும், 2022இல் பாலியல் தாக்குதல், பின்தொடர்தல் உள்ளிட்ட குற்றங்களுக்கும் அது ஓரளவு மீண்டது. அதுவும் உரிய நடைமுறைகளை ஏற்றுச் செயல்படுத்தும் பழங்குடி அரசுகளுக்கு மட்டுமே. வன்முறைக்கு ஆளான பெண்களில் 97 விழுக்காட்டினர் வேற்றினத்தவன் ஒருவனாலாவது தாக்கப்பட்டவர்கள் என்று 2016 ஆய்வே கூறுவதால், எந்த ஊரில் எந்தக் குற்றத்துக்கு எந்தக் காவல்துறை வரும் என்று அந்த நிலத்தை அறிந்த வழக்கறிஞர் ஒருவரை அழைத்துச் சொல்லவைப்பது நல்லது.

குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடில்லாத முகாமுக்கு, அது மிகவும் தேவைப்படுகிற தாய் வரவே முடியாது. நிதியளித்தவர்களுக்குக் காட்டுவதற்காக முகங்கள் தெரியும் படங்களை வெளியிடுவதும், கைபேசியின் இருப்பிடப் பகிர்வைச் சரிபார்க்காமல் விடுவதும், தேடிக்கொண்டிருப்பவனுக்கு வழிகாட்டும் செயல்கள்.

இறுதி நாள் மாலை வட்டமாக அமர்ந்து, அடக்கிவைத்ததையெல்லாம் அழுது கொட்டிவிட்டு, உடனே ஒவ்வொருத்தியும் பல மணி நேரம் தனியே வண்டியோட்டித் திரும்புவதாக நிகழ்ச்சிநிரல் வகுப்பது மிகப் பரவலான பிழை. அந்த வட்டத்தை முந்தைய நாள் காலைக்கு மாற்றிவிட்டு, கடைசி அரை நாளை நடைமுறைக் காரியங்களுக்கு ஒதுக்க வேண்டும். 2017 முதல் இயங்கும் ஸ்ட்ராங்ஹார்ட்ஸ் நேட்டிவ் ஹெல்ப்லைன் போன்ற உதவி எண்ணைத் துன்புறுத்துபவனுக்குச் சந்தேகம் வராத பெயரில் கைபேசியில் சேர்ப்பது, தெற்கு டகோட்டாவின் ரோஸ்பட் பகுதியில் 1977இல் தொடங்கப்பட்ட ஒயிட் பஃபலோ காஃப் வுமன் சொசைட்டி போன்ற புகலிடம் அருகில் எங்கிருக்கிறது, அங்கே குழந்தைகளையும் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டுவைப்பது, வண்டிக்கு எரிபொருள் இருக்கிறதா என்று பார்ப்பது, வீடு திரும்பிய மூன்றாம் நாள் யார் யாரை எந்த நேரத்தில் அழைத்தால் பாதுகாப்பு என்று இருவர் இருவராக முடிவு செய்துகொள்வது ஆகியவற்றுக்கு அந்த அரை நாள் சரியாக இருக்கும்.