பழைய பாணித் தோல் ஜாக்கெட்: அளவு கொடுக்கும்போது செய்யும் தவறுகள்

மும்பையில் தோல் ஜாக்கெட் தைக்கக் கொடுக்க நினைக்கும் தமிழருக்கு மொழிச் சிக்கல் இல்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் தாராவியின் தோல் தொழிலில் பல தலைமுறைகளாக இருக்கிறார்கள். சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலைக் கடைகளில் தமிழிலேயே பேசி முடித்துவிடலாம். ஆனால் பெரும்பாலோர் முதலில் சொல்வது இதுதான்: "அண்ணாச்சி, கொஞ்சம் லூசாகவே இருக்கட்டும்."

தீபாவளிச் சட்டையை ஒரு அளவு பெரிதாகவே வாங்கித் தந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழக்கம் பழைய பாணி ஜாக்கெட்டுக்கு உதவாது. நியூயார்க்கின் ஷாட் நிறுவனம் 1928-இல் கொண்டுவந்த 'பெர்ஃபெக்டோ' என்ற ஜாக்கெட், மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்காகத் தைக்கப்பட்டது. 1931-இல் அமெரிக்க ராணுவ விமானப் படைப்பிரிவு ஏற்றுக்கொண்ட 'ஏ-2' ஜாக்கெட், விமானிகளுக்கானது. இரண்டுமே உடலை ஒட்டி, இடுப்போடு நிற்கும் வெட்டு. தளர்த்தித் தைத்தால் காலரும் ஜிப்பும் மட்டும் பழையதாக இருக்கும், உருவம் வேறாகிவிடும்.

அடுத்த கணக்கு, "பெரிதாக இருந்தால் பிறகு பிடித்துக்கொள்ளலாம்" என்பது. பக்கவாட்டில் ஓரளவு பிடிக்கலாம், கை நீளத்தையும் குறைக்கலாம். தோளைக் குறைக்க வேண்டுமென்றால் கையையும் லைனிங்கையும் பிரித்தாக வேண்டும், அந்த வேலையை நல்ல மாஸ்டர்களே விரும்பி எடுப்பதில்லை. சிறியதைப் பெரிதாக்குவது அதைவிடக் கடினம், ஏனென்றால் தோலில் ஊசி குத்திய துளை மூடாது. தையலைப் பிரித்துத் தள்ளித் தைத்தால் பழைய துளைகள் வரிசையாகத் தெரியும். ஆகவே தோள் அளவில் சமரசம் வேண்டாம். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் உட்கார வேண்டும். கைப்பக்கம் வழிந்து இறங்குவது இன்றைய டி-ஷர்ட்டுகளின் பாணி.

கை உடல் பகுதியோடு சேரும் கைக்குழியில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். வெள்ளோட்டம் பார்க்கும்போது அக்குளில் தோல் இடித்தால், "இங்கே கொஞ்சம் இறக்கிவிடுங்கள்" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கைக்குழி கீழே இறங்க இறங்க, கையின் அடித்தையல் ஜாக்கெட்டின் பக்கவாட்டோடு தாழ்வான இடத்தில் சேருகிறது. கையைத் தூக்கினால் ஜாக்கெட் முழுவதும் சேர்ந்து மேலே ஏறும், இடுப்பு திறந்துவிடும். கைக்குழி உயரமாகவும் அளவாகவும் இருந்தால் கை தனியே அசையும், உடல் பகுதி இருந்த இடத்திலேயே இருக்கும். அக்குளை ஒட்டி நிற்பதும் சதையை வெட்டுவதும் வேறு வேறு. வெட்டினால் மட்டும் இறக்கச் சொல்லுங்கள். பைக் ஓட்டும்போது முதுகில் இழுக்கிறது என்பது உங்கள் கவலையானால், தோளுக்குப் பின்னால் விரியும் மடிப்பு வைக்கச் சொல்லுங்கள். அமெரிக்கக் கடற்படை விமானிகளின் ஜி-1 ஜாக்கெட்டில் இருப்பது அதுதான்.

அளவு எண் குழப்பம் அஞ்சலில் வரவழைப்பவர்களுக்கு. அமெரிக்க வழக்கில் 40 என்ற எண் பெரும்பாலும் அணிபவரின் மார்புச் சுற்றளவைக் குறிக்கும். ஜாக்கெட்டின் சுற்றளவு அதைவிட மூன்று நான்கு அங்குலம் கூடுதலாக இருக்கும். தன்னிடம் உள்ள ஜாக்கெட்டை மேசையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குளுக்கு 22 என்று அளந்து, இரட்டித்து, 44 எண் கேட்டு எழுதுபவர்கள் இருக்கிறார்கள். வருவது கூடாரம். எல்லா நிறுவனங்களும் ஒரே கணக்கில் எண் போடுவதுமில்லை. எண்ணை விட்டுவிட்டு, ஜாக்கெட்டைத் தரையில் பரப்பிய நிலையில் தோள், மார்பு, முதுகு நீளம், கை நீளம் ஆகிய நான்கையும் கேட்டு வாங்குங்கள். உங்களுக்குப் பொருந்தும் ஒரு ஜாக்கெட்டை அதேபோல் அளந்து ஒப்பிடுங்கள்.

முதுகு நீளம் எல்லாரையும் திடுக்கிட வைக்கும். அந்தக் காலத்துக் கால்சட்டைகள் தொப்புளுக்கு அருகே ஏறி நிற்பவை, ஜாக்கெட் அந்த இடுப்புக்காக வெட்டப்பட்டது. இன்றைய ஜீன்ஸ் இடுப்பெலும்புக்குக் கீழே நிற்பதால் நடுவில் சட்டை எட்டிப் பார்க்கிறது. ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை அங்குலம் நீட்டலாம். அதற்கு மேல் நீட்டினால் பைகளின் இடமும் இடுப்புப் பட்டையின் இடமும் கெட்டுப்போகும். என்னைக் கேட்டால் கால்சட்டையை மாற்றுவதே மேல்.

கை நீளத்தை நின்றபடி கையைத் தொங்கவிட்டு மட்டும் அளக்கக் கூடாது. பைக்கின் கைப்பிடியைப் பிடிப்பதுபோல முன்னே நீட்டியும் பார்க்க வேண்டும். முழங்கை மடங்கினால் கை மேலேறும், பழகப் பழக அங்கே விழும் சுருக்கங்களும் சிறிது நீளத்தைத் தின்னும்.

"தோல் பழகினால் விரியும்" என்று கடைக்காரர் சொல்வது பாதி உண்மை. முதுகும் முழங்கையும் அகலவாக்கில் கொஞ்சம் இளகும். செம்மறித்தோல் சீக்கிரம் இளகும், வெள்ளாட்டுத்தோல் கொஞ்சம் தாமதிக்கும், மாட்டுத்தோல் பொறுமையைச் சோதிக்கும். நீளம் வளராது. ஜிப்பே ஏறாத ஜாக்கெட்டை இந்த நம்பிக்கையில் வாங்காதீர்கள். தடித்த தோலும் பஞ்சு வைத்த லைனிங்கும் உள்ளே இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், மெல்லிய ஜாக்கெட்டின் வெளி அளவை அப்படியே தடித்த தோலுக்குக் கொடுத்தால் இறுக்கும்.

மும்பைக்கே உரிய தவறு ஒன்று உண்டு. மே மாத வியர்வையில், மெல்லிய பனியனோடு அளவு கொடுப்பார்கள். ஜாக்கெட் போகப்போவதோ டிசம்பர் டெல்லிக்கு, அல்லது பைக்கில் லடாக்கிற்கு. உள்ளே ஸ்வெட்டர் வருமென்றால் அதைக் கடைக்கு எடுத்துப்போய், போட்டுக்கொண்டு அளவு கொடுங்கள். கடையில் சிரித்தால் சிரிக்கட்டும். ஸ்வெட்டரின் தடிமனைப் பொறுத்து மார்பில் ஓரிரு அங்குலம் கூடுதலாகத் தேவைப்படும். அந்தத் தேவை இல்லாதவர் "எதற்கும் இருக்கட்டும்" என்று சேர்க்க வேண்டாம்.

தோலை வெட்டும் முன் காடாத் துணியில் ஒரு மாதிரி தைத்துப் போட்டுப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். கூலி தனியாகக் கேட்டாலும் கொடுங்கள். தோல் சதுர அடிக் கணக்கில் விற்பது, ஓர் ஆட்டுத்தோல் ஒரு ஜாக்கெட்டுக்குப் போதாது, வெட்டிய பிறகு மாஸ்டருக்கும் மாற்ற மனம் வராது. மாதிரியைப் போட்டு முன்பக்கத்தை முழுவதும் மூட்டிவிட்டு உட்காருங்கள், இரு கைகளையும் முன்னே நீட்டுங்கள், பிறகு தலைக்கு மேலே தூக்குங்கள். பின்கழுத்தில் காலர் விலகி நின்றாலோ, முதுகில் தோளுக்குத் தோள் குறுக்காக இழுவை தெரிந்தாலோ அங்கேயே சொல்லி, குண்டூசி குத்திக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.