ஹோட்டன் சமவெளியில் இரவு தங்குவதற்கு யாழ்ப்பாணத்திலிருந்து திட்டமிடுதல்

இலங்கையின் மலைநாட்டில், கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே அமைந்த ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவினுள் தங்க விரும்புவோர், அங்குள்ள மகாஎலிய அல்லது கினிஹிரிய பங்களாவை வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும். பாடசாலை விடுமுறைகளிலும் போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்தை ஒட்டிய வார இறுதிகளிலும் இடம் விரைவில் நிரம்பிவிடுவதால், பங்களா உறுதியான பின்னரே பஸ் ஆசனத்தைப் பதிவுசெய்யுங்கள். பற்றுச்சீட்டின் அச்சுப் பிரதியும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே மூச்சில் மேலே ஏறுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நுவரெலியாவில் ஓரிரவு தங்கி, மறுநாள் வாகனத்தில் செல்வதே, குறிப்பாக முதியவர்களும் குழந்தைகளும் உடன்வந்தால், நல்லது.

சமையல் சாமான்களையும் படுக்கை விரிப்புகளையும் நாமே கொண்டுசெல்ல வேண்டும். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், நம் வீடுகளில் வழக்கமான குத்தரிசி வேக நெடுநேரமாகும். பச்சையரிசியும், புட்டுக்கும் இடியப்பத்துக்கும் வறுத்த அரிசிமாவும் கொண்டுபோனால் எரிபொருள் மிச்சமாகும். நுழைவாயிலில் பொலித்தீனை அகற்றச் சொல்வார்கள். ஆகவே மா, பருப்பு, மிளகாய்த்தூள் அனைத்தையும் வீட்டிலேயே துணிப்பைகளிலும் டின்களிலும் மாற்றிக்கொள்ளுங்கள். சனவரி, பெப்ரவரி மாத இரவுகளில் உறைபனி விழுவதுண்டு என்பதால், யாழ்ப்பாணத்து மார்கழிக் குளிருக்குப் போதுமான போர்வை அங்கு போதாது. தடித்த கம்பளியும் காலுறையும் ஆளுக்கொன்று அவசியம்.