கூர்பே, மானே வரைந்த நிர்வாணப் பெண்கள்: பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

பிரெஞ்சு ஓவியர் மானேயின் 'ஒலிம்பியா' 1865-இல் பாரிஸ் சலோன் என்ற அரசு ஓவியக் கண்காட்சிக்கு வந்தபோது கூட்டம் கொதித்தது. 'அந்தக் காலத்து ஆட்கள், நிர்வாணத்தைப் பார்த்து அதிர்ந்துவிட்டார்கள்' என்று இதற்கு விளக்கம் சொல்வதுதான் பெரிய தவறு. இரண்டு வருடம் முன்பு அதே சலோனில் ஓவியர் கபனேலின் 'வீனஸின் பிறப்பு' இருந்தது. அலைமேல் பொட்டுத்துணி இல்லாமல் கிடக்கும் அந்த வீனஸைப் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனே விலைக்கு வாங்கினார்.

வீனஸ் தெய்வம், கண்ணையும் பாதி மூடியிருக்கிறாள். ஒலிம்பியாவோ அன்றைய பாரிஸ்காரி. கழுத்தில் கறுப்பு நாடா, காலில் செருப்பு, பணிப்பெண் நீட்டும் பூங்கொத்து. எல்லாமே அவள் ஒரு பாலியல் தொழிலாளி என்று சொல்கின்றன. அவள் நேராக நம்மைப் பார்க்கிறாள். பூங்கொத்து அனுப்பியவன் நிற்க வேண்டிய இடத்தில் பார்வையாளர் நிற்கிறார். கனவான்களுக்குச் சுட்டது அதுதான்.

மானே மரபு தெரியாமல் வரைந்தார் என்பதும் தவறு. பழைய இத்தாலிய ஓவியர் திஷியனின் 'உர்பினோ வீனஸ்' படத்தை ஃபிளாரன்ஸில் பார்த்து நகல் எடுத்தவர் அவர். படுத்திருக்கும் விதம் அப்படியே அதிலிருந்து வந்தது. அங்கே காலடியில் தூங்கும் நாய், இங்கே முதுகை வளைத்து நிற்கும் கறுப்புப் பூனை.

இன்னொரு பிரெஞ்சு ஓவியர் கூர்பேயின் 'குளிக்கும் பெண்கள்' (1853) பற்றி 'உடலை அழகாக வரையத் தெரியவில்லை' என்பார்கள். பருத்த முதுகும் சதை மடிப்பும் அவர் வேண்டுமென்றே வரைந்தவை. அந்தப் படத்தின் கருத்தைக் கொச்சை என்று நாட்குறிப்பில் திட்டிய ஓவியர் தெலக்ருவாகூட அதன் வீரியத்தை ஒப்புக்கொண்டார். அப்புறம், கூர்பேயின் 'உலகின் தோற்றம்' (1866) சலோனைக் கலக்கியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கலீல் பே என்ற தூதர் தனக்கென்று வரைவித்த படம் அது.

எனக்கு அதிகம் வலிப்பது வேறொரு தவறு: மாடலையே பாத்திரமாக நினைப்பது. ஒலிம்பியாவுக்கு மாடலாக இருந்த விக்தோரின் மூரான் ஓர் ஓவியர். 1876 சலோனில் அவர் படம் தேர்வானது. அதே ஆண்டு மானேயின் படங்கள் நிராகரிக்கப்பட்டன. பூங்கொத்து நீட்டும் கறுப்பினப் பெண்ணின் பெயர் லோர். மானேயின் குறிப்பேட்டில் அவர் பெயரும் முகவரியும் இருக்கின்றன. படத்தில் கிட்டத்தட்ட பாதி இடம் அவருக்குத்தான். ஆனாலும் பலரும் அவரைப் பார்க்காமலே கடந்துவிடுகிறார்கள்.