பிள்ளைகளோடு முதல்முறை கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு: முதல் பத்து நிமிடம் காலை நனைக்காதீர்கள்

மணலைக் கண்டதும் பிள்ளைகள் ஓட ஆரம்பிப்பார்கள். பின்னாலேயே நாமும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவோம். நாங்கள் முதல்முறை போனபோது அப்படித்தான் ஓடினோம். இப்போது வீட்டில் ஒரு விதி உண்டு: போய்ச் சேர்ந்த முதல் பத்து நிமிடம் யாரும் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது. நின்று கடலைப் பார்க்க வேண்டும். ஏன் என்று 3-வது படியில் சொல்கிறேன்.

1. கிளம்பும் முன் நேரத்தைப் பாருங்கள்

போகப்போகும் கரைக்கு ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறி இறங்கும் நேரம் இணையத்தில் கிடைக்கும். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். அதாவது இன்று காலை 8 மணிக்கு ஏற்றம் என்றால், நாளை காலை 8.50 வாக்கில்தான். போன வாரம் பார்த்து வைத்த நேரம் இந்த வாரத்துக்கு உதவாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் வழக்கத்தைவிட அதிகமாக ஏறும், அதிகமாக இறங்கும்.

வெயில் இன்னொரு கணக்கு. காலை 10 முதல் மாலை 4 வரை புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கும். குடைக்கு அடியில்தானே இருக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். காய்ந்த மணல் அந்தக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும், அலை நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகின்றன. சன்ஸ்கிரீனை வெயிலில் இறங்க 15, 20 நிமிடம் முன்பே பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், குளித்துத் துடைத்த பிறகும் மறுபடி பூசுங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: தேவை என்று நினைப்பதைப் போல இரண்டு மடங்கு குடிநீர், மாற்று உடை, குப்பைக்கு ஒரு பை, ஒரு டப்பா முகப்பவுடர். பவுடர் எதற்கு என்பது கடைசியில்.

2. விரிப்பை எங்கே விரிப்பது?

ஈரமாக, சமமாக, நடக்கச் சுகமாக இருக்கும் மணலைப் பார்த்தால் அங்கேயே உட்காரத் தோன்றும். நாங்கள் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரத்தில் விரிப்புக்கு அடியில் தண்ணீர் வந்தது. போகும்போது ஒற்றைச் செருப்பையும் கொண்டு போய்விட்டது.

மணலில் கரைக்கு இணையாக ஒரு கோடு தெரியும். காய்ந்த கடற்பாசி, சிப்பி உடைசல், குச்சி எல்லாம் சேர்ந்து கிடக்கும். போன ஏற்றத்தில் தண்ணீர் வந்து திரும்பிய இடம் அது. அதற்கு மேலே, நன்றாகத் தள்ளி விரியுங்கள்.

3. இப்போது கடலைப் பாருங்கள்

முதலில் கொடி. பல நாடுகளில் சிவப்பும் மஞ்சளும் பாதி பாதியாக இருக்கும் இரண்டு கொடிகளுக்கு நடுவேதான் லைஃப்கார்டுகள் கண்காணிப்பார்கள். குளிக்க வேண்டிய இடம் அதுதான். முழுச் சிவப்பு என்றால் இறங்கக் கூடாது. எல்லா இடத்திலும் ஒரே வழக்கம் இல்லை, அதனால் அங்கே இருக்கும் அறிவிப்புப் பலகையைப் படித்துவிடுங்கள்.

அப்புறம் அலை. வரிசையாக வெள்ளை நுரையோடு உடைந்து வரும் அலைகளுக்கு நடுவே, ஓர் இடத்தில் மட்டும் அலை உடையாமல், தண்ணீர் கொஞ்சம் கருத்து, சந்து போலத் தெரிகிறதா? சில நேரம் கலங்கிய மணலும் நுரையும் அந்த வழியாகக் கடலுக்குள் போய்க்கொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள் “அங்கேதான் அமைதியாக இருக்கிறது” என்று பிள்ளையை இறக்குவது சரியாக அந்த இடத்தில்தான். கரைக்கு வந்து குவிந்த தண்ணீர் திரும்பிப் போகும் பாதை அது. அதன் வேகம் சில சமயம் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். நீச்சல் நன்றாகத் தெரிந்தவராலும் எதிர்த்து நீந்த முடியாது. இதைக் கண்டுபிடிக்க இரண்டு மூன்று அலைத்தொகுதிகள் வந்து போகும்வரை நின்று பார்க்க வேண்டும். பத்து நிமிட விதி அதற்காகத்தான்.

சிக்கிக்கொண்டால்? அது ஆளை அடியில் இழுக்காது, வெளியே இழுத்துப் போகும், அவ்வளவுதான். கரையை நோக்கிப் போராடாமல் மிதந்தபடி கையைத் தூக்கி உதவி கேளுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, அங்கிருந்து கரைக்குத் திரும்புங்கள்.

4. பிள்ளைகள்

இறங்கும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று என்ன உடை என்பது பதற்றத்தில் மறந்துபோகும். நீலம், வெள்ளை உடை தண்ணீரில் மறைந்துவிடும். பளிச்சென்ற ஆரஞ்சு நல்லது. தண்ணீரில் இருக்கும்போது கை எட்டும் தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும், யார் என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். காற்றடித்த மிதவை பொம்மைகளைக் கடலுக்கு எடுத்துப் போகவே வேண்டாம். கரையிலிருந்து வீசும் காற்று ஒன்று போதும், கொண்டு போய்விடும்.

மணலில் குழி தோண்டுவது எல்லாப் பிள்ளைக்கும் பிடிக்கும். கூட்டத்தில் சின்னப் பிள்ளையின் முழங்கால் ஆழத்தோடு நிறுத்திவிடுங்கள். பக்கச்சுவர் சொல்லாமல் சரியும். கிளம்பும்போது குழியை மூடிவிடுங்கள், இருட்டில் யாராவது காலை விடுவார்கள்.

ஜெல்லி மீன் கரையில் செத்துக் கிடந்தாலும் தொடக் கூடாது, அப்போதும் கொட்டும். பட்டுவிட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காமல் கடல்நீரால் கழுவி, லைஃப்கார்டிடம் காட்டுங்கள்.

5. கிளம்பும்போது

ஈரக் காலில் ஒட்டிய மணலைத் துண்டால் தேய்த்தால் பிள்ளை அழும், மணல் போகாது. காலை ஒற்றி உலர்த்தி, பவுடரைத் தூவித் தட்டுங்கள். மிச்ச ஈரத்தைப் பவுடர் இழுத்துக்கொள்ளும், மணல் பொலபொலவென்று உதிரும். குழந்தை முகத்துப் பக்கம் மட்டும் தூவாதீர்கள். ஈரத் துணியை அன்றே வாஷிங் மெஷினில் போட வேண்டாம், காயவைத்து உதறிய பிறகு போடுங்கள்.