கேம் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு: விளையாடிய நேரம் வீணாகாமல் இருக்க

வீடியோ கேமில் ஆராய்ச்சி என்றாலே "அப்போ நாள் முழுக்க விளையாட்டுதானா?" என்று கேட்பார்கள். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், விளக்கப் போனால் அன்றைய வேலை கெடும். உண்மையில் விளையாடுவது சின்னப் பங்குதான், மிச்சமெல்லாம் குறிப்பு எழுதுவது, பதிவு செய்த வீடியோவில் ஒரு காட்சியைத் தேடி அலைவது, கட்டுரை படிப்பது, கைடுக்கு மெயில் போடுவது. குறிப்பு இல்லாமல் விளையாடிய எதுவும் ஆய்வேட்டில் ஒரு வரியாகக்கூடத் தேறாது.

முதல் தடவை சும்மா விளையாடுங்கள். நோட்டை மூடி வையுங்கள், இல்லையென்றால் சாதாரணமாக விளையாடுகிறவருக்கு அந்த கேம் எப்படி இருக்கும் என்பதே தெரியாமல் போய்விடும். இரண்டாவது தடவை ஒரே ஒரு கேள்வியோடு உட்காருங்கள். உதாரணமாக, தோற்றவனை இந்த கேம் எப்படி நடத்துகிறது? "பாஸ் சண்டை (பெரிய எதிரியோடு மோதுவது) ரொம்பக் கஷ்டம்" என்று எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்து அது எதற்கும் உதவாது. "செத்ததும் கதவுக்கு வெளியே கொண்டுபோய் விட்டது, கட்சீனை (நடுவில் ஓடும் கதைக் காட்சியை) தாண்டிப் போக வழியில்லை, திரும்ப முழுசாகப் பார்க்க வேண்டியதாயிற்று, அதற்குள் கோபம் வந்து அவசரப்பட்டு மறுபடி செத்தேன்" என்று எழுதினால் அதுதான் சான்று. எங்கே, திரையில் என்ன தெரிந்தது, எது பறிபோனது, அடுத்து நீங்கள் என்ன செய்தீர்கள் என்று விளையாடி முடித்த கையோடு எழுதிவிட வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்து எழுதலாம் என்றால் பாதி மறந்திருக்கும்.

எதைக் கவனிப்பது என்றே புரியவில்லையா? மியா கான்சால்வோவும் நேதன் டட்டனும் 2006-இல் எழுதிய ஒரு கட்டுரை நான்கு வழி சொல்கிறது: கேமில் உள்ள பொருள்களைப் பட்டியல் போடுவது, திரையில் காட்டப்படும் தகவல்களை ஆராய்வது, யாரோடு என்ன பேச முடிகிறது, என்ன செய்ய முடிகிறது என்று வரைந்து பார்ப்பது, விளையாட்டைப் பதிவேடாக எழுதுவது. நான்கையும் செய்ய வேண்டாம், உங்கள் கேள்விக்கு எது பொருந்துமோ அதை எடுங்கள். அந்தக் கட்டுரை வந்த 'கேம் ஸ்டடீஸ்' இதழ் 2001-இலிருந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, வாரத்துக்கு ஒரு கட்டுரையாவது அதிலிருந்து படியுங்கள்.

அடுத்து ரெக்கார்டிங். திரையில் ஓடுவதைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் மென்பொருள் இலவசம், அதுவே போதும். அதில் பதிவு வேகத்தை நொடிக்கு 6000 கிலோபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2.7 ஜிபி ஆகும், அதனால் தனி ஹார்ட் டிஸ்க் ஒன்று தேவைப்படும். எம்கேவி வடிவத்தில் சேமியுங்கள். நடுவில் கம்ப்யூட்டர் நின்றுபோனாலும் அதுவரை பதிவானது பிழைத்துக்கொள்ளும், சாதாரண எம்பி4 என்றால் மொத்த ஃபைலும் திறக்காமல் போக வாய்ப்புண்டு. ஃபைல் பெயரில் தேதி, கேம், லெவல், அப்புறம் பதிப்பு எண். பதிப்பு எண்ணைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்! பெரும்பாலும் மெனுவின் ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். நாளைக்கே ஒரு பேட்ச் (கேமில் திருத்தம் செய்யும் அப்டேட்) வந்து நீங்கள் அலசிய ஆயுதத்தின் பலத்தைக் குறைத்துவிட்டால், எந்தப் பதிப்பைப் பற்றி எழுதினீர்கள் என்பதற்கு அந்த எண் மட்டும்தான் ஆதாரம்.

கேம் காணாமலே போவதும் உண்டு. 2014-இல் வந்த 'பி.டி.' என்ற திகில் கேம் டெமோவை அடுத்த ஆண்டே ஆன்லைன் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். 'தி க்ரூ' என்ற ஆன்லைன் கார் பந்தய கேமின் சர்வர்கள் 2024 மார்ச் 31-இல் நிறுத்தப்பட்டதும், காசு கொடுத்து வாங்கியவர்கள்கூட விளையாட முடியாமல் போயிற்று. ஆன்லைன் கேம் எடுத்தால் முதல் மாதமே தேவையான பதிவுகளை முடித்துவிடுங்கள். முதுகலை ஆய்வுக்கு நூறு மணி நேர ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறி நீண்ட கதையை விளையாடும் கேம்) மட்டும் வேண்டவே வேண்டாம், மூன்று மணி நேரத்தில் முடிகிற கேமை ஐந்து முறை விளையாடுவது எவ்வளவோ மேல்.

விளையாடுகிறவர்களைப் பேட்டி எடுப்பதாக இருந்தால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள், பேட்டி முடிந்தபிறகு அனுமதி கேட்டால் கிடைக்காது. ஆய்வேட்டில் அவர்கள் கேமுக்குள் வைத்திருக்கும் புனைபெயரையும் மாற்ற வேண்டும். சொந்தப் பெயர்தான் அடையாளம் என்று நினைப்போம், ஆனால் அந்தப் புனைபெயரைத் தேடினாலே ஆளைப் பிடித்துவிடலாம். சாட்டில் பேசியதை அப்படியே மேற்கோள் காட்டுவதிலும் இதே ஆபத்துதான்.